வயிற்றில் ஒரு வாசல்

கண்ணு,

வைக்கோல் போருக்குள் நீ திணித்துவிட்டுப் போன வேட்டியை நான் எடுத்துவிட்டேன். மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போனபோது கையில் சிக்கியது. ரத்தம் காய்ந்து துணி விறைத்துக் கிடந்தது. வேறு யாராவது பார்த்திருந்தால் மூலம் என்பார்கள், உடம்புச் சூடு என்பார்கள். ரத்தமும் சளியும் கலந்த அந்தக் கறை எதனால் வருகிறது என்று எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லாமல் கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் துவைத்தேன். கறை போகும் வரை கசக்கினேன். பார்த்துக்கொண்டே நின்ற உன் பெரிய அத்தையிடம், கன்றுக்குட்டியைத் துடைத்த துணி என்று சொன்னேன்.

பொங்கலுக்கு நீ வந்திருந்தபோதே எனக்குச் சந்தேகம்தான். களி உருண்டையைப் பிட்டுப் பிட்டுத் தட்டோரத்தில் ஒதுக்கினாய். வாயில் புண் இருந்ததால் மிளகாய்ச் சாற்றைத் தொடவில்லை. விடிவதற்கு முன்னால் சொம்போடு வேலிப் பக்கம் போனவன், திரும்பி வந்து படுத்து, மறுபடி எழுந்து போனாய். முழங்கால் வீங்கியிருக்கிறதே என்று கேட்டதற்கு, ஃபேக்டரியில் நின்றுகொண்டே வேலை, ஷிப்ட் மாறுகிறது, அதனால்தான் என்றாய். இடுப்பு பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டையைப் பார்த்தேன். கன்றுக்குட்டியைத் தடவிக் கொடுக்கக் குனிந்தபோது வலது அடிவயிற்றில் முஷ்டியை வைத்து அழுத்திக்கொண்டாய். அதே இடத்தில் அதே மாதிரி நானும் பல வருஷம் முஷ்டியை வைத்து அழுத்தியிருக்கிறேன்.

நேரில் சொன்னால் எழுந்து போய்விடுவாய். என் உடம்பைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "வேற பேச்சு பேசும்மா" என்று செருப்பைத் தேடுகிறவன் நீ. அதனால்தான் எழுதுகிறேன். அவரைக்காய் மூட்டையோடு நாளை பெங்களூர் மார்க்கெட்டுக்குப் போகும் உன் சித்தப்பா இதைக் கொண்டுவந்து கொடுப்பார். நீ அவரிடம் சொன்னதையும் அவர் என்னிடம் சொல்லிவிட்டார். அவர் மேல் கோபித்துக்கொள்ளாதே. போன மாதம் பெங்களூரில் உன் அறையில் தங்கியவர், நீ வலியில் சுவரோடு சுவராகச் சுருண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டு, டாக்டரிடம் போகலாம் வா என்று கூப்பிட்டாராம். "போனா அறுத்துடுவாங்க சித்தப்பா. செத்தாலும் சாவேன், அம்மா மாதிரி பையக் கட்டிக்கினு திரிய மாட்டேன்" என்றாயாம். அதைச் சொல்லும்போது அவர் தலையைத் தூக்கவே இல்லை. எனக்கு வருத்தமில்லை கண்ணு. பயம்தான் வந்தது. அந்த வார்த்தையை நான் முன்னாலும் கேட்டிருக்கிறேன்.

சொன்னது என் அண்ணன். உனக்குத் தாய்மாமன். நீ பிறப்பதற்கு வெகுகாலம் முன்னாலேயே போய்விட்டான். தேன்கனிக்கோட்டையில் எங்கள் அப்பா வாத்தியாராக இருந்தபோது, தெருவிலேயே பலசாலி என்று பேர் வாங்கியவன். அவனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. வயிற்றுவலி, கழிச்சல், ரத்தம், நடுவில் இரண்டு மூன்று மாதம் ஒன்றுமே இல்லாத மாதிரி ஒரு சுகம். யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள் என்று ஊர் பேசியது. எல்லைக்கு அந்தப் பக்கம் மருந்து எடுக்கிறவன் ஒருவனிடம் கூட்டிப்போனார்கள். அவன் அண்ணன் வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சி, மயிர் சுற்றிய ஓர் உருண்டையைத் துப்பிக் காட்டினான். "பாரு, இதுதான்" என்றான். அதற்கப்புறம் கொஞ்ச நாள் அண்ணன் நன்றாகச் சாப்பிட்டான். எல்லோருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. மறுபடி வலி வந்தபோது அப்பா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார். "அறுத்துக்கினு பொழைக்கறதவிட முழுசாச் செத்துடறேன்" என்றான். கேழ்வரகு அறுப்பு நேரத்தில் போனான். கடைசி நாட்களில் அவனை வெயிலுக்கு வெளியே கொண்டுவருவது என் வேலை. சின்னப் பெண்தான் நான், தனியாகவே தூக்கினேன். அவ்வளவு இலேசாகப் போயிருந்தான்.

அப்புறம் அது என்னிடம் வந்தது. ஜவளகிரிக்குக் கல்யாணமாகி வந்து, நீ பிறந்து, நீ நடக்கத் தொடங்கிய பிறகு வந்தது. கர்ப்பப்பைக் கோளாறு என்று கஷாயம் கொடுத்தார்கள். எனக்கும் மருந்து எடுத்தார்கள், எனக்கும் மயிர் உருண்டை காட்டினார்கள். பிறகு ஓசூர் ஆஸ்பத்திரியில் வயிற்று க்ஷயம் என்று சொல்லி ஊசி போட்டார்கள். இது பதுங்கிப் பதுங்கி வருகிற நோய். விட்டுவிட்டது என்று நினைத்து ஒரு கவளம் கூடுதலாகச் சாப்பிட்ட அன்றைக்குத் திரும்பி வரும். "வயிறு இப்போது சரியாகிவிட்டது, கவலை வேண்டாம்" என்று நீ எழுதிய கார்டைப் படித்து உன் அப்பா சந்தோஷப்பட்டார். நான் அதை மாடத்தில் வைத்துவிட்டு நாள் முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். நீ ஓசூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த வருஷம். உனக்கு யாரும் முழுதாகச் சொல்லவில்லை. அம்மாவுக்கு வயிற்றில் கட்டி, ஆபரேஷன் ஆகிவிட்டது என்று மட்டும் உனக்குச் சொல்லி அனுப்பினார்கள். அறுப்புக்குக் கேழ்வரகு தலை சாய்ந்து நின்ற சமயம். காலையிலிருந்து வாந்தி, வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது. உன் அப்பா வண்டியில் வைக்கோலைப் பரப்பி என்னைக் கிடத்தித் தளிக்கு ஓட்டினார். அங்கே போனால் ஓசூருக்கு பஸ் கிடைக்கும். பனி இறங்குகிற சாயங்காலம். காட்டை ஒட்டிய திருப்பத்தில், பரண் மேலிருந்து யானை இருக்கிறது, நிறுத்து என்று காவல்காரன் கன்னடத்தில் கத்தினான்: "ஆனெ ஐத்தெ! நில்சு, நில்சு!"

உன் அப்பா வண்டியை நிறுத்தி, முதல் வேலையாக மாட்டின் கழுத்து மணிகளை அவிழ்த்து வைக்கோலுக்குள் புதைத்தார். படுத்த இடத்திலிருந்து பார்த்தேன். பாதையை அடைத்துக்கொண்டு நாலைந்து பெரிய உருவங்கள், காலுக்கு நடுவே ஒரு குட்டி. அவை எங்கேயும் போகிற அவசரத்தில் இல்லை. எனக்கு வலி அலையலையாக வந்தது. உன் அப்பா தலைப்பாகைத் துணியைச் சுருட்டி என் வாயில் வைத்தார். "கத்தாத புள்ள. குட்டி இருக்குது. சத்தம் கேட்டா வண்டியோட மிதிச்சிரும்." துணியைக் கடித்துக்கொண்டே கிடந்தேன். யானைகளின் வயிற்றுக்குள் கல் உருளுகிற மாதிரி ஒரு சத்தம் வரும், அது கேட்டது. என் வயிறா அவற்றின் வயிறா என்று தெரியவில்லை. திடீரென்று என் வலி நின்றுவிட்டது. விளக்கை ஊதி அணைத்த மாதிரி. வாயிலிருந்த துணியை எடுத்துவிட்டுச் சிரித்தேன். "நின்னு போச்சுங்க" என்றேன். உன் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "ஆனையப்பன் உன் நோவ வாங்கிக்கினு போறான்" என்று மெதுவாகச் சொன்னார். அந்த மனிதர் கண்ணில் தண்ணீர் வந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

குடல் வெடித்தது அந்த நேரத்தில்தான். பின்னால் டாக்டரம்மா சொல்லித்தான் தெரியும். உள்ளே முட்டிக்கொண்டிருந்தது கிழிந்து கொட்டிவிட்டதால் வலி சற்று நின்றது. யானைகள் ஒதுங்கி, நாங்கள் தளிக்கு வருவதற்குள் உடம்பு கொதித்தது. பஸ் போய்விட்டிருந்தது. பெங்களூருக்குக் கோஸ் ஏற்றிக்கொண்டிருந்த லாரிக்காரர் ஒருவர், "இந்த அம்மா முகத்தப் பாத்தா ஓசூர்ல நிறுத்தக்கூடாது. நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிரலாம்" என்று சொல்லி, பாதி மூட்டையை இறக்கிவிட்டு என்னை ஏற்றிக்கொண்டார்.

கண் விழித்தபோது வலப்பக்கம் ஏதோ ஈரமாக இருந்தது. கையைக் கொண்டுபோனேன். டாக்டரம்மா கையைப் பிடித்துக்கொண்டார். அரைகுறைத் தமிழ் பேசுகிற, நரைத்த தலைக்காரர். "குடல் ஓட்டையாகி வயிறெல்லாம் சீழ். அழுகின துண்டு எடுத்தாச்சு. மிச்சக் குடலை வெளியே கொண்டுவந்து தோலில் தைச்சிருக்கு. இனிமே உனக்கு இதுதான் வாசல்" என்றார். எப்போது மூடுவீர்கள் என்று கேட்டேன். "மூட மாட்டோம்" என்றார். மறுபடி கேட்டேன், மறுபடி அதையே சொன்னார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இது க்ஷயம் இல்லை, சீமையில் இதற்கு ஒரு டாக்டர் பேரை வைத்து கிரோன் நோய் என்கிறார்கள், ஏன் வருகிறது என்று யாருக்கும் தெரியாது என்றெல்லாம் சொன்னார். நான் எதையும் காதில் வாங்கவில்லை. கடைசியாக, "உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா?" என்று கேட்டார். அண்ணனைப் பற்றிச் சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு, "பிள்ளைகள் இருக்கா?" என்றார். ஒரே பையன் என்றேன். "அவன் வயிற்றுவலின்னு சொன்னா, ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதே" என்றார். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் உன் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஊருக்கு வந்த பிறகு நடந்ததில் உனக்குக் கொஞ்சம் தெரியும், மிச்சம் தெரியாது. உன் பெரிய அத்தை, "சாமி இருக்கற ஊடு இது" என்று சொல்லி என் பாயை மாட்டுக் கொட்டகையை ஒட்டிய சாய்ப்பில் போட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். எனக்கே என்னைக் கண்டால் குமட்டியது. என்னைக் கேட்காமல், எனக்குத் தெரியாமல், நேரம் காலம் இல்லாமல் அது கழிந்துகொண்டே இருக்கும். ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பை ஓரம் விட்டு ஒழுகும். ஒழுகினது பட்ட தோல் சுண்ணாம்பு பட்ட மாதிரி வெந்துவிடும். பக்கத்து வீட்டு வளைகாப்பில் பை நழுவி, உட்கார்ந்திருந்த பாயோடு எழுந்து ஓடிவந்தேன். அதற்கப்புறம் ஒரு வருஷம் எந்த வாசலையும் மிதிக்கவில்லை. நான் தொட்ட தண்ணீரை யாரும் குடிக்கவில்லை. ஏரிப் பக்கம் போகும்போதெல்லாம் ஆழம் எவ்வளவு இருக்கும் என்று பார்த்துக்கொண்டே போவேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, உனக்குச் சொல்கிறேன்.

ஒரு மத்தியானம் உன் பெரிய அத்தை களையெடுக்கப் போயிருந்தார். உன் அப்பா ஏர் ஓட்டிவிட்டுப் பசியோடு வந்தார். உள்ளே சட்டி காலி. நான் சாய்ப்பில் எனக்கென்று கொஞ்சம் களி கிண்டியிருந்தேன். வந்து என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "போடு" என்றார். கை கழுவிட்டுத்தான் கிண்டினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். "உன்ன யாரு கேட்டாங்க? போடு, கொலப்பசி" என்றார். உட்கார்ந்து முழு உருண்டையும் சாப்பிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு, உப்புக் கொஞ்சம் குறைவு என்று சொல்லிவிட்டு மாட்டைப் பிடிக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து அவர் வேறு யார் கையிலும் சாப்பிடவில்லை. வீட்டுக்குள் என் பாய் வர இன்னும் பல மாதம் ஆனது, ஆனால் வந்தது.

நீ பார்த்தது அந்தச் சாய்ப்பில் இருந்தபோதுதான். கோடை விடுமுறைக்கு வந்தவன், என்னைத் தேடித் தட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாய். பையைக் கழற்றிவைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். ரத்தச் சிவப்பாக, நனைந்து, தானாக அசைகிற ஒன்றை அம்மாவின் வயிற்றில் பார்த்தாய். அப்படியே ஓடினாய். சாயங்காலம் வரை ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தாய் என்று பிற்பாடு சொன்னார்கள். அன்றிலிருந்து என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாய், அதற்குக் கீழே பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பார்த்ததைத்தான் இன்றைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறாய், அதுதான் உன்னை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். கண்ணு, அது புண் இல்லை. குடலின் உள்பக்கம், அவ்வளவுதான். உன் உதட்டை மடக்கிப் பார், உள்ளே அதே ஈரம், அதே சிவப்பு. தொட்டால் வலிக்காது. நீ அன்றைக்கு ஓடாமல் நின்றிருந்தால் இதைச் சொல்லியிருப்பேன்.

அது சுகமான வாழ்க்கை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். வேர்க்கடலை தின்றால் அடைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் உப்பும் நீரும் வெளியே போய்த் தலை சுற்றிக் கீழே விழுந்திருக்கிறேன். பை கிழிந்து சீமைச் சரக்கு வரத் தாமதமானபோது, ஓசூரில் டயர் பஞ்சர் ஒட்டுகிறவரிடம் லாரி ட்யூபில் உன் அப்பா ஒன்று செய்து வாங்கிவந்தார். அதன் நாற்றம் போக ஒரு மாதம் ஆனது. தோல் வேகாமல் இருக்க, காட்டிலிருந்து சந்தைக்கு வருகிற வெள்ளைப் பிசினைப் பொடித்துத் தூவச் சொன்னார் டாக்டரம்மா. அது பலன் கொடுத்தது. கச்சையை இறுக்கிக் கட்டிக்கொண்டு களையெடுக்கிறேன், நாற்று விடுகிறேன், உன் அப்பாவோடு சண்டை போடுகிறேன். உனக்கு ஃபேக்டரியில் வேலை கிடைத்த அன்றைக்கு ஊர் முழுக்கச் சர்க்கரை கொடுத்தேன். இதெல்லாம் என் அண்ணனுக்குக் கிடைக்காதது.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். எனக்கு இப்போது பழைய தழும்புக்குப் பக்கத்தில் கல் மாதிரி ஒன்று தட்டுப்படுகிறது. தை முடிந்ததிலிருந்து வலியும் இருக்கிறது. அறுத்தாலும் திரும்பி வரலாம் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருக்கிறார். நானும் போய்க் காட்டத்தான் வேண்டும். உன் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இனிச் சொல்லப்போவதைக் கேட்டால் உனக்குக் கோபம் வரும். நேற்று தளிக்குப் போனேன். நீ கட்டிக்கொள்ளப்போகிற பத்மாவைப் பார்த்தேன். அவள் அப்பா பூ மார்க்கெட்டுக்குப் போயிருந்தார், அம்மா காப்பி போட உள்ளே போனார். பீன்ஸ் தோட்டத்தைக் காட்டு என்று அவளைக் கூட்டிக்கொண்டு போய், பந்தலுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். என் அண்ணனை, என்னை, உன் வேட்டியை. அவள் பறித்த காய்களை மடியில் பிடித்தபடியே கேட்டாள். பிறகு, "நான் அதப் பாக்கலாங்களா அத்தை?" என்றாள்.

காட்டினேன். ஆஸ்பத்திரிக்காரர்களைத் தவிர யாருக்கும் நானாகக் காட்டியதில்லை. அவள் முகத்தைத் திருப்பவில்லை. குனிந்து பார்த்தாள். "வலிக்குங்களா?" என்றாள். இல்லை என்றேன். "அவருக்கும் இப்படித்தான் செய்வாங்களா?"

"தெரியாதும்மா. காலத்தோட போனா மருந்துலயே அடங்கினாலும் அடங்கும். இல்லன்னா இதுவரைக்கும் வரலாம். லேட்டாப் போனா இதுகூடக் கிடைக்காது."

அவள் மடியிலிருந்த காய்களைக் கூடையில் கொட்டினாள். பிறகு சொன்னாள்: "அப்பாகிட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டனுங்க. சொன்னா நாளைக்கே வேற எடம் பாத்துருவாரு. ஆனா அவரு டாக்டருகிட்டக் காட்டாம மணவறையில வந்து ஒக்காந்தா, நான் எந்திரிச்சுப் போயிருவேன். அத்தன ஜனத்துக்கு முன்னாடி எந்திரிச்சுப் போயிருவேன். அவருகிட்டச் சொல்லிருங்க." என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். பையோடு இருக்கும் உன்னைக் கட்டிக்கொள்வேன் என்று அவள் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதை நான் கேட்கவும் இல்லை. அது நீ உயிரோடு போய் அவளிடம் கேட்க வேண்டியது.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். உன் ஃபேக்டரி வாசலில் நிற்பேன். லீவு சொல்லிவிட்டு வெளியே வா, இருவருமாக டாக்டரம்மாவிடம் போவோம். அவர் இன்னும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார், விசாரித்துவிட்டேன். நீ வராவிட்டால் உள்ளே வந்து உன் மேஸ்திரியிடம் சொல்லி உன்னைக் கூப்பிடச் சொல்வேன். நாலு பேர் முன்னால் உனக்கு மானம் போகும். போகட்டும்.

நேற்று அவளிடம் சொன்னதற்காக என்னைத் திட்டு. என்னோடு பேசாதே. கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடாதே. பத்து வருஷம் இந்தப் பக்கம் வராமல் இரு. எல்லாவற்றையும் தாங்கிக்கொள்வேன். அத்தனைக்கும் நீ இருக்க வேண்டும், கண்ணு.

அம்மா